டீக்கடையில குடுத்த பராதி

வா மாப்ளே, இப்படி உக்காரு. உன்ற பராதிய நான் நேத்தே கேட்டுப்போட்டேன். காத்தால டீக்கடையில சொன்னது, மத்தியானம் வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில சொன்னது, பொழுதோட முடிவெட்டற கடையில சொன்னது, மூணும் என்ற காதுக்கு வந்து சேந்துருச்சு. டீக்கடையில டாக்டரு அரை மணி நேரம் லேட்டு. சந்தைக்கு வாரதுக்குள்ள ஒரு மணி நேரம். முடிவெட்டற கடையில ரண்டரை மணி நேரம் ஆகிப்போச்சு. இன்னும் ரண்டு கடை நீ ஏறி எறங்கியிருந்தா, பாவம், அந்த மனுசன் போன மாசமே வேலைய உட்டுப் போயிருப்பாரு.

ஊரு முச்சூடும் கேட்டுப்போச்சு. கேக்காத ஆளு ரண்டே பேருதான். ஒண்ணு அந்த டாக்டரு. இன்னொண்ணு, அந்த டாக்டரைக் கேள்வி கேக்கற எடத்துல உக்காந்திருக்கற ஆளு.

கேரளத்து எல்லையில இருக்கற நம்ம தமிழ்ச் சனத்துக்கு ஞாயம் கேக்கத் தெரியாதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆழியாத்துத் தண்ணி நாலு நாள் கொறஞ்சாப் போதும், மணக்கடவுல வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. நமக்கு உடோணும்னு டீ ஆத்தற பையன்கூடப் புள்ளி வெச்சுக் கணக்குச் சொல்லுவான். தமிழ்நாடு எத்தனை உட்டுது, மிச்சம் எத்தனை, எந்த என்ஜினீயரைப் புடிக்கோணும், எந்த ரோட்டுல போயி உக்காரோணும், எல்லாம் அத்துப்படி. அதே பையன்கிட்ட, நம்ம ஆசுபத்திரியில ஓ.பி. எத்தனை மணிக்கு முடியும், டாக்டரு வரலீன்னா ஆருகிட்டச் சொல்லோணும்னு கேட்டுப் பாரு. அண்ணாந்து தென்னமரத்தைப் பாப்பான். தென்னைக்குத் தண்ணி வரலீன்னாச் சட்டம் பேசற நாம, பெத்த புள்ளைக்குக் காச்சல்னாத் தலையெழுத்துப் பேசறோம்.

நீ சும்மா இருக்கலீன்னு தெரியும். வாட்ஸ்அப்புல ஸ்டேட்டஸ் போட்டிருந்தயாமா. ஆசுபத்திரி போர்டைப் படம் புடிச்சு, கீழ மூணு கோவ மூஞ்சி. அதைப் பாத்தது ஆரு? உன்ற சகலை, உரக்கடைக்காரன், எருத்தேம்பதிப் பால் சொசைட்டிக்காரன். அதுல ஆராச்சும் டாக்டருக்குச் சம்பளம் போடறவனா? மறுநா ஸ்டேட்டஸும் போச்சு, உன்ற கோவமும் போச்சு. இருவத்திநாலு மணி நேரத்துல தானா அழியற பராதிய வெள்ளக்காரன் நமக்குன்னே கண்டுபுடிச்சிருக்கான்.

அடுத்த ரகம், நம்ம பங்காளி ஒருத்தன் பண்ணினானே அது. டாக்டரு மேல இருந்த கோவத்தை முச்சூடும் மருந்து எடுத்துக் குடுக்கற பொண்ணு மேல எறக்கி வெச்சான். அந்தப் பொண்ணுக்கு டாக்டரு எப்ப வருவாருன்னும் தெரியாது, மாத்தரை ஏன் வந்து சேரலீன்னும் தெரியாது. ஆனாக் கம்பிக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியறாப்பல உக்காந்திருந்தது அவதான். நம்ம வீரமெல்லாம் கைக்கு எட்டற ஆளுகிட்டத்தானே? உள்ள டாக்டரு ரூமுக்குப் போனதும் இதே பங்காளி கையக் கட்டிக்கிட்டு, 'சாரே, சொகம்தானுங்களா?'ன்னு கேட்டானாமா. சீக்காளி ஆருன்னு டாக்டருக்கே ஒரு நிமிசம் கொழம்பியிருக்கும்.

அதுல ஒரு வெனை இருக்குது, கேட்டுக்க. ஆசுபத்திரி ஆளுகளைக் காக்கறதுக்குக் கேரளத்துல 2012லயே சட்டம் வந்துருச்சு. 2023 மே 10ந் தேதி கொட்டாரக்கரைத் தாலூக்கா ஆசுபத்திரியில, போலீசு வைத்தியத்துக்குக் கூட்டியாந்த ஒருத்தன், டூட்டியில இருந்த வந்தனா தாஸ்ங்கற ஹவுஸ் சர்ஜன் பொண்ணைக் குத்திக் கொன்னுபோட்டான். அந்த மாசமே அவசரச் சட்டம் போட்டு இறுக்கிப்போட்டாங்க. பலமாக் காயம் பண்ணினா ஒரு வருசத்துலருந்து ஏழு வருசம் வரைக்கும் செயிலு, அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம். கையே ஓங்க வேண்டாம். வாயில அசிங்கமா வந்தாலே மூணு மாசம் வரைக்கும் உள்ள தள்ளலாம், இல்லாட்டிப் பத்தாயிரம் கட்டச் சொல்லலாம். நம்ம பங்காளி பேசுன பேச்சுக்கு அந்தப் பொண்ணு ஒரு கடுதாசி எழுதியிருந்தாப் போதும். பெரிய மனசு பண்ணி உட்டுப்போட்டா. ஞாயம் உன்ற பக்கம் இருக்கும், கேசு அவங்க பக்கம் இருக்கும். அப்படி ஒரு கோட்டாலை உனக்கு வேண்டாம்.

மூணாவது ரகம்தான் நம்ம எல்லைக்காரனுக்கே உண்டான வெவரம். பராதியே குடுக்கறதில்ல. வண்டியக் கெளப்பிக்கிட்டு அக்கட்டால போயிர்றது. வேலந்தாவளத்துக்காரன் செக்போஸ்ட்டைத் தாண்டினாக் கோயமுத்தூரு. கோவிந்தாபுரத்துக்காரனுக்கும் மீனாட்சிபுரத்துக்காரனுக்கும் பொள்ளாச்சி. என்ற சின்னவளைப் பூப்பாறையில கட்டிக் குடுத்திருக்குது. அவிய ஊட்டுல ஆருக்காச்சும் மேலுக்கு முடியலீன்னா போடிமெட்டு எறங்கிப் போடிக்குப் போறாங்க, பெரிய சீக்குன்னாத் தேனிக்குப் பக்கத்துல க.விலக்கு மெடிக்கல் காலேசு. மறையூரு, காந்தளூருக்காரன் சின்னாறு வழியா உடுமலைக்கு எறங்கறான். குமுளிக்காரன் கம்பத்துக்கு. அங்க டாக்டரு 'என்னம்மா பண்ணுது?'ன்னு தமிழ்ல கேக்கறாரு, நோவைச் சொல்ல நமக்கு வாய் வருது. அதைத் தப்புன்னு நான் சொல்லமாட்டேன். உசுரு ஊசலாடற நேரத்துல எவனும் எல்லைக்கல்லைப் பாக்கறதில்ல.

ஆனா அங்க போயி ரண்டு மணி நேரம் வரிசையில நிக்கறப்ப என்ன பண்ணறோம்? 'நாம கேரளாக்காரங்க, பாக்கறதே பெருசு'ன்னு பொட்டாட்ட நிக்கறோம். இங்க திரும்பி வந்தா, 'நாம தமிழ்க்காரங்க, மலையாளத்துல எப்படி வாயத் தொறக்கறது'ன்னு மறுபடி பொட்டாட்ட நிக்கறோம். 1956ல மாநிலத்தைப் பிரிச்சாங்க. அன்னையிலருந்து ரண்டு ராஜ்ஜியத்துலயும் நாம ஒறம்பரையாட்டவே இருந்து பழகிப்போட்டோம். ஒறம்பரைக்கு வந்தவன் கொழம்புல உப்பில்லீன்னு சொல்லமாட்டான் பாரு, அந்தக் கதைதான்.

இதைப் பத்தி ஆல்பர்ட் ஹிர்ஷ்மன்னு ஒரு பொருளாதாரக்காரரு 1970லயே புஸ்தகம் போட்டிருக்காராமா. என்ற பேரன் காலேசுல படிச்சுப்போட்டு வந்து சொன்னான். நைஜீரியாவுல ரயிலு ஓடுச்சாமா. சரக்கு ஒழுங்காப் போயிச் சேராது. பக்கத்துலயே லாரி வந்துச்சு. போட்டிக்கு ஆளு வந்தா ரயில்காரன் திருந்துவான்னுதானே நீயும் நானும் நெனைப்போம்? திருந்தலியாம். ஏன்னா, சத்தம் போடத் தெம்பிருந்த யாவாரிகதான் மொதல்ல லாரிக்கு மாறுனாங்களாமா. மிச்சம் நின்னவன் வாயில்லாதவன். ரயில்காரனுக்கு நிம்மதி. நைஜீரியா எந்தத் தெசையில இருக்குதுன்னு எனக்குத் தெரியாது மாப்ளே, ஆனா அந்த ரயிலு நம்மூரு ஓ.பி. வாசல்லதான் நிக்குது. காரு வெச்சிருக்கறவன், வாத்தியாரு, பேங்குக்காரன் எல்லாம் பொள்ளாச்சிக்குப் போயாச்சு. வரிசையில மிச்சம் நிக்கறது தேங்காய் போடற ஆளு, கொழுந்து கிள்ளற பொம்பளை, பஸ்ஸுக்குக் காசில்லாத அட்டப்பாடி மலைச்சனம். அவங்க 'நாளைக்கு வாங்க'ன்னாத் தலையாட்டிக்கிட்டுத் திரும்பிப் போவாங்க. உனக்கு வாய் இருக்குது. அந்த வாயை நீ டீக்கடைக்குக் குடுத்துப்போட்டே.

சரி, கேலி போதும். நடந்ததை நடந்தாப்பல சொல்லு. காத்தால ஒம்பது மணிக்குச் சீட்டு எடுத்தீங்க. டோக்கன் 58. பாப்பாவுக்கு 102 காச்சல். போர்டுல ரண்டு டாக்டரு பேரு எழுதியிருக்குது, இருந்தது ஒருத்தரு. பதினொண்ணரைக்கு அவரும் மீட்டிங்குன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. எப்ப வருவாருன்னு கேட்டதுக்கு ஆருக்கும் தெரியல. ஒரு மணிக்கு 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லிப்போட்டாங்க. அவ்வளவுதானே?

இதுல டாக்டரு தப்பு எத்தனைன்னு சித்தெ ரோசனை பண்ணு. இன்னொரு டாக்டரு இல்லாதது இவரு தப்பா? அந்த எடம் காலியாக் கெடந்தா, நெரப்ப வேண்டியது சர்க்காரு. மீட்டிங்குக்குக் கூப்புட்டது மேல இருக்கறவங்க. ஒத்தை ஆளு ரண்டரை மணி நேரத்துல அம்பது பேரைப் பாத்திருக்காரு. ஒரு ஆளுக்கு மூணு நிமிசம். நீ ஒரு முருங்கக்கா வாங்கறதுக்கே சந்தையில அதவிட எச்சா நேரம் எடுத்துக்கறே. அப்பத் தப்பு எங்க இருக்குது? காச்சல் கொழந்தைய வரிசையிலருந்து முன்னால எடுத்துப் பாக்க ஏற்பாடு இல்ல. டாக்டரு எந்திரிச்சுப் போனா, நிக்கற சனத்துக்குச் சொல்ல ஒரு ஆளு இல்ல. உன்ற பராதி அதுதான். 'டாக்டரு திமிரு புடிச்சவரு'ங்கறது பராதி இல்ல, அது உன்ற அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு எந்த ஆபீசுலயும் பைலு கெடையாது.

குடுக்கற எடம் எது? நம்மாளுக பாதிப்பேருக்கு இங்கதான் புத்தி மயங்குது. கட்சிக்காரனைப் புடிக்கறோம். அவன் போன் போடறாப்பல போட்டு, 'சொல்லியாச்சு அண்ணா'ங்கறான். ஆருகிட்டச் சொன்னான்னு கேக்க நமக்குத் தோணாது. கேரளத்துல 1990கள்ல ஜனகீய ஆசூத்ரணம்னு அதிகாரத்தைக் கீழ எறக்குனப்ப, ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கிராமப் பஞ்சாயத்து கையில குடுத்துப்போட்டாங்க. சி.எச்.சி.ங்கற சமூக சுகாதார நிலையம் பிளாக் பஞ்சாயத்துக்கு, ஜில்லா ஆசுபத்திரி ஜில்லா பஞ்சாயத்துக்கு. டாக்டருக்குச் சம்பளம் சர்க்காரு போடுது. ஆசுபத்திரிய நடத்தற பொறுப்புல பஞ்சாயத்துக்குப் பங்கு இருக்குது. 2017ல ஆர்த்ரம்னு திட்டம் வந்து, நம்ம ஆரம்ப சுகாதார நிலையமெல்லாம் ஒண்ணொண்ணாக் குடும்பாரோக்கிய கேந்திரம் ஆச்சு, பொழுதோட ஆறு மணி வரைக்கும் ஓ.பி.ன்னு ஆச்சு. வார்டு மெம்பரு ஓட்டுக் கேட்டு வந்தப்ப நீ தெருவெளக்குக் கேட்டே. ஆசுபத்திரி அவங்க மேசையிலயும் இருக்குதுன்னு உனக்குத் தெரியாது. அவங்களும் சொல்லமாட்டாங்க. சொன்னா நீ கேட்டுப்போடுவயில்ல?

அதனால மொதல் கடுதாசி அந்த ஆசுபத்திரி மெடிக்கல் ஆபீசருக்கு. ஒரு நகல் பஞ்சாயத்து பிரசிடெண்டுக்கு. இன்னொண்ணு ஜில்லா மெடிக்கல் ஆபீசருக்கு, நாம டி.எம்.ஓ.ன்னு சொல்லறமே, அவருக்கு. எடுத்த எடுப்புல முதலமைச்சருக்கு எழுதற ஆளுக நம்மூர்ல உண்டு. அது அங்க போயி, அங்கிருந்து கீழ எறங்கி, கடைசீல இதே மெடிக்கல் ஆபீசரு மேசைக்குத்தான் விளக்கம் கேட்டு வரும். நேராக் குடுத்தா பஸ் காசு மிச்சம்.

எழுது. நான் சொல்லச் சொல்ல எழுது.

'பெறுநர், மெடிக்கல் ஆபீசர். ஐயா, இந்த மாதம் இந்தத் தேதி செவ்வாய்க்கிழமை காலை 9.05 மணிக்கு, 102 டிகிரி காய்ச்சல் இருந்த எங்கள் மூன்று வயது மகளுக்கு ஓ.பி. சீட்டு எடுத்தோம். டோக்கன் எண் 58. காலை 11.30க்கு டாக்டர் கூட்டத்துக்குச் சென்றார். எப்போது திரும்புவார் என்று சொல்ல யாரும் இல்லை. பகல் 1 மணிக்கு மறுநாள் வரச் சொன்னார்கள். அதுவரை குழந்தையை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. நாங்கள் கேட்பது இரண்டு. காய்ச்சல் உள்ள குழந்தைகளை முதலில் பார்க்க ஏற்பாடு வேண்டும். டாக்டர் வெளியே போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் போர்டில் எழுத வேண்டும். இதற்கு எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். சீட்டின் நகல் இணைத்துள்ளோம்.'

நிறுத்திக்க. அவ்வளவுதான் கடுதாசி. 'மனிதாபிமானமற்ற', 'காட்டுமிராண்டித்தனமான' அதெல்லாம் எங்கயாச்சும் மேடையில பேசறதுக்கு எடுத்து வெச்சுக்க. 'மாண்புமிகு', 'தங்கள் பொற்பாதம்' அதுவும் வேண்டாம். நீ கடன் கேக்கப் போகலை. கடுதாசியில தேதி இருக்கோணும், மணி இருக்கோணும், சீட்டு நம்பரு இருக்கோணும், என்ன வேணும்னு இருக்கோணும். அந்தக் கடைசிதான் நம்ம சனம் எழுதவே எழுதாது. 'தக்க நடவடிக்கை எடுக்கவும்'னு முடிச்சுப்போடும். தக்க நடவடிக்கைன்னா என்னன்னு அந்த ஆபீசரே தீர்மானிச்சுக்குவாரு. பைலை மூடறதும் அவருக்கு ஒரு தக்க நடவடிக்கைதான்.

இந்த வித்தைய மூணாத்துப் பொம்பளைககிட்டப் படி. 2015 செப்டம்பர்ல தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைக, பெரும்பாலும் நம்ம தமிழ்ப் பொம்பளைக, வேலைய நிறுத்திப்போட்டு ரோட்டுல வந்து உக்காந்தாங்களே, பெம்பிளை ஒருமைன்னு பேரு. அதுக்கு முந்தின வருசம் 19 சதவீதமா இருந்த போனசைப் பத்தாக் கொறைச்சதுதான் ஆரம்பம். ஊடு ஒழுகுது, இடுப்பு ஒடியுது, வைத்தியம் செரியில்லீன்னு அவங்களுக்குச் சொல்லறதுக்கு ஆயிரம் இருந்துச்சு. ஆனா போனசுன்னா நம்பரு போட்டே கேட்டாங்க: 20 சதவீதம். யூனியன் தலைவருகளையே பக்கத்துல அண்டவிடலை. கடைசீல போனசு 8.33, கருணைத்தொகை 11.67ன்னு பிரிச்சுப் போட்டுக் குடுத்தாங்க. நீயே கூட்டிப் பாரு, இருவதுதான். 'தக்க நடவடிக்கை எடுக்கவும்'னு அவங்க உக்காந்திருந்தா இன்னும் அங்கயேதான் உக்காந்திருப்பாங்க.

என்ன முழிக்கறே? தமிழ்ல எழுதிப்போட்டமேன்னா? எழுதலாம். அரசியல் சட்டம் 350ஆவது பிரிவு அதுக்குன்னே இருக்குது: கொறையச் சொல்லி ஒரு அதிகாரிக்கு எழுதறவன், அந்த மாநிலத்துல பொழங்கற எந்த பாஷையிலயும் எழுதலாம். அது போக, கேரள ஆட்சிமொழிச் சட்டம்னு 1969ல ஒண்ணு போட்டிருக்காங்க. தமிழ், கன்னடச் சிறுபான்மைக்காரங்க திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டுக்கும், இலாகாத் தலைவருகளுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச எடத்துல இருக்கற சர்க்காரு ஆபீசுகளுக்கும் அவங்கவங்க பாஷையிலயே எழுதலாம். பதிலும் அதே பாஷையில வரோணும். நீ பொறக்கறதுக்கு முன்னாலயே உனக்காக எழுதி வெச்ச சட்டம். அதை நாம பொங்கல் நோம்பிக்குக் கூட்டம் போட்டுப் பெருமை பேச மட்டும் வெச்சிருக்கறோம்.

ஆனா ஒரு வெவரம். எழுதறது உன்ற உரிமை. அந்த ஆபீசுல உக்காந்திருக்கற கிளார்க்குக்குத் தமிழ் படிக்கத் தெரிஞ்சிருக்கோணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. 'ஆளு வரட்டும்'னு ஓரமா வெச்சுப்போடுவாங்க. அதனால மேல தமிழ்க் கடுதாசி, கீழ அதையே மலையாளத்துல ஒரு பக்கம். உன்ற மகன் மலையாளம் மீடியத்துலதானே படிக்கறான், எழுதச் சொல்லு. உரிமையும் உட்டுக்குடுக்கலை, சோலியும் நடக்கும்.

நேராக் கொண்டு போயிக் குடுத்தா நகல்ல சீல் போட்டு வாங்கிக்க. சீல் போடமாட்டோம்னா வாக்குவாதம் பண்ணாதே, சிரிச்சுக்கிட்டே தபாலாபீசுக்கு நட. ரிஜிஸ்தர் தபாலை 2025ல ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துப்போட்டாங்க. ஸ்பீடு போஸ்ட்ல போட்டு ரசீதை பாஸ்புக்குக்குள்ள சொருகி வெய்யி.

பதில் வரலீன்னா? அங்கதான் பத்து ரூவா வேலை செய்யும். 2005ல வந்த தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூவா கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்தா அதுவும் இல்ல. முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லோணும். 'ஏன் என்ற மகளைப் பாக்கலை'ன்னு அதுல கேக்காதே, அது சண்டை. இந்த ஆசுபத்திரிக்கு எத்தனை டாக்டரு எடம் அனுமதிச்சிருக்குது, எத்தனை நெரம்பியிருக்குது, அந்தத் தேதியில எத்தனை ஓ.பி. சீட்டு குடுத்தீங்க, என்ற பராதி மேல என்ன எழுதியிருக்கறீங்க, இந்த நாலும் போதும். சண்டைக்கு வர்றவனைச் சமாளிக்க ஆபீசுக்குத் தெரியும். கணக்குக் கேக்கறவனைக் கண்டாத்தான் அங்க நாற்காலி நகரும்.

காசு வாங்கற ஆசுபத்திரின்னாக் கதையே வேற. சர்க்காரு ஆசுபத்திரியில எல்லாருக்கும் இலவசமாப் பாக்கறதுனால நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வழியில்ல. தனியார்ல பீசு குடுத்துப் பாத்தா அது சேவைதான்னு 1995 நவம்பர்ல வி.பி. சாந்தா கேசுல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. 2019ல புதுச் சட்டம் வந்துச்சே, அதுல எல்லைக்காரனுக்குன்னே செஞ்சாப்பல ஒரு வசதி: நீ குடியிருக்கற ஜில்லாவுலயே கேசு போடலாம். கோயமுத்தூர்ல போட்ட ஊசிக்குப் பாலக்காட்டுல, தேனியில வெச்ச கட்டுக்கு இடுக்கியில. நீ குடுத்த பணம் அஞ்சு லட்சத்துக்குள்ளன்னாக் கட்டணம் இல்ல. ரண்டு வருசத்துக்குள்ள போடோணும். ஆனா பில்லு வேணும் மாப்ளே. 'பில்லு வேண்டாம்னா நூறு ரூவா கொறைச்சுக்கறோம்'னா நீ பல்லக் காட்டிக்கிட்டு வாங்கிட்டு வர்றே. அந்த நூறு ரூவாய்க்கு உன்ற கேசை அன்னைக்கே வித்துப்போட்டே.

படுக்கையில சேத்திருந்தா, கேஸ் ஷீட்டு நகலை எழுதிக் கேளு. 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கோணும்னு மெடிக்கல் கவுன்சில் 2002லயே விதி போட்டிருக்குது. கேரளத்துல 2018ல மருத்துவ நிறுவனச் சட்டம் ஒண்ணும் வந்துச்சு. டாக்டருக சங்கமும் ஆசுபத்திரிக்காரங்களும் கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 நவம்பர்ல ஹைகோர்ட்டு சட்டம் செல்லும்னு சொல்லிப்போட்டுது. பராதி வாங்க ஒரு மேசை வெக்கோணும், வாங்கினதுக்கு நம்பரு குடுக்கோணும், கட்டண வெவரத்தை எல்லாருக்கும் தெரியற மாதிரி மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் எழுதி வெக்கோணும். தமிழ்ல வெக்கோணும்னு சொல்லலை. அது நம்ம அடுத்த கடுதாசி.

வைத்தியமே தப்பாப் போச்சுங்கறது பெரிய விசயம். சீக்கு முத்திச் செத்தவங்க எல்லாரையும் டாக்டரு கொன்னாருன்னு சொல்லப்படாது. கவனக்குறைவுன்னு கிரிமினல் கேசு போடறதுக்கு முன்னால இன்னொரு டாக்டரோட அபிப்பிராயம் வேணும்னு 2005ல ஜேக்கப் மேத்யூ கேசுலயே சொல்லிப்போட்டாங்க. அப்படி ஒண்ணு நடந்தா என்கிட்ட வராதே, தாலூக்கா சட்டப்பணிக் குழுவுக்குப் போ. பொம்பளைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடிச் சனத்துக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வெச்சுக் குடுப்பாங்க.

நம்ம தெருப் பொண்ணு ஒண்ணு இங்கிலாந்துல நர்ஸா இருக்குது. அங்கயும் டாக்டரைப் பாக்கறதுக்கு நாள்கணக்காக் காத்துக் கெடக்கறாங்களாமா, வெள்ளக்காரன் நாடுன்னு ஒண்ணும் மெச்சிக்க வேண்டாம். ஆனாப் பராதி குடுத்தா மூணு வேலை நாளுக்குள்ள 'வந்து சேந்துது'ன்னு சொல்லோணுமாமா. பன்னண்டு மாசத்துக்குள்ள குடுத்துப்போடோணும். முடியலீன்னா மேல ஒரு ஓம்பட்ஸ்மேன். கேட்டேன் அவகிட்ட: 'பராதி குடுத்தவங்களை அடுத்த தடவை ஊசி குத்தறப்ப ஓங்கிக் குத்துவீங்களா?' 'போங்க தாத்தா, அவங்க பேரு எங்களுக்கு ஞாபகமே இருக்காது'ன்னா. நம்மாளுக்கு அந்தப் பயம்தான். 'எழுதிக் குடுத்தா நாளைக்கு மருந்து குடுக்கமாட்டாங்க'ன்னு. குடுக்காமப் போனா அது இன்னொரு பராதி. அது மொத பராதிய விடப் பலமானது.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். நீ எழுதறப்ப, அன்னைக்குப் பாப்பா நெத்தியில ஈரத்துணி போட்டுக் குடுத்தாங்களே ஒரு நர்ஸம்மா, அவங்களைப் பத்தியும் ஒரு வரி எழுது. அவங்க டூட்டிய உட்டு எறங்கற நேரத்துல பண்ணினதா உன்ற ஊட்டு அம்மிணி சொல்லுச்சு. நல்லதை எழுதறவன் கெட்டதை எழுதினா மேல இருக்கறவனுக்கு நம்பிக்கை வரும். அது மட்டும் இல்ல, அந்தம்மாவுக்கு அது சர்வீசு பைல்ல போயி உக்காரும்.

பேப்பரை எடு. தேதி போட மறந்துராதே. கீழ கையெழுத்து உன்றது மட்டும் பத்தாது, அம்மிணியும் போடட்டும். ஒம்பது மணியிலருந்து ஒரு மணி வரைக்கும் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னது அவ. நீ வெளிய வண்டிக்கிட்ட நின்னு போன் பேசிக்கிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியும்.